தாம்பரத்து வெயிலுக்கும் கரண்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ யாரிடம் சொன்னாலும் உடனே வரும் கேள்வி, "இன்டெலா, ரைசனா?" என்பதுதான். அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கடுத்து ராம். பட்ஜெட்டில் மிச்சமிருப்பதற்கு ஒரு கேபினட், அதோடு சேர்ந்தே வரும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பவர் சப்ளை. கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனும் இதே வரிசையில்தான் இருக்கும். இந்த வரிசையே தலைகீழானது என்பது என் துணிபு. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை, வேளச்சேரியிலிருந்து முடிச்சூர் வரை விரிந்து கிடக்கும் இந்தப் புறநகரில் ஒரு கம்ப்யூட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பவை மின்சாரம், வெப்பம், தண்ணீர் ஆகிய மூன்றும். இவற்றைத் தாங்க வேண்டிய பாகங்களுக்கு முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்துத்தான் ப்ராசஸரைத் தேட வேண்டும்.

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் ஒரே சமயத்தில் எழுந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட ப்ராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஐ5 பெட்டிகள் இதனால் ஓரங்கட்டப்பட்டன. குரோம்பேட்டை எம்.ஐ.டி., வண்டலூர் கிரெசன்ட், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். என்று பொறியியல் கல்லூரிகள் நிறைந்த பாதை இது. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்களும் டி.டி.பி. கடைகளும் தெருவுக்குத் தெரு உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெட்டி பொருந்தாது என்பதால்தான் அசெம்பிள் செய்வதற்கு இன்னும் அர்த்தம் இருக்கிறது.

அசெம்பிள் செய்யத்தான் வேண்டுமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. தொண்ணூறுகளில் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்களில் மிகப் பல சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவைதான். பிராண்டட் பெட்டியின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாமல் இருந்தது. பிறகு புதுச்சேரியில் எச்.சி.எல்., 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் டெல் என்று பக்கத்திலேயே ஆலைகள் வந்தன, விலை வித்தியாசம் குறைந்தது. 2011-இல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் வந்தபின் மாணவர் வீடுகளில் டெஸ்க்டாப்பின் இடமே சுருங்கியது. இன்று பில் போடவும், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும், ஆன்லைன் விண்ணப்பங்களுக்கும் மட்டும் கம்ப்யூட்டர் தேடுகிறவருக்கு நான் அசெம்பிள் செய்யச் சொல்ல மாட்டேன். அலுவலகங்கள் கழித்துக் கட்டிய டெல், எச்.பி., லெனோவோ பெட்டிகள் ரிச்சி தெருவிலும் வேளச்சேரிக் கடைகளிலும் கிடைக்கின்றன. 8-ஆம் தலைமுறைக்குக் கீழானதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. விண்டோஸ் 11 ஏற்காத 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகள்தான் இப்போது குவிந்து கிடக்கின்றன. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இந்த அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். ஒன்று பழுதானால் கடையில் கிடைக்கும் பொதுவான பாகம் அதில் உட்காராது.

எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவுப் பாடம், கேமிங் என்று கனமான வேலை உள்ளவர்கள் அசெம்பிள் செய்யலாம். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டு மூன்று முனை ப்ளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதைத்தான்.

வாடகை வீடுகளில், குறிப்பாகப் பழைய தளங்களிலும் பிற்பாடு சேர்த்துக் கட்டிய மாடி அறைகளிலும், ப்ளக்கில் மூன்றாவது துளை இருக்கும். உள்ளே கம்பி இருக்காது. கேபினட்டைத் தொட்டால் 'சுர்' என்று லேசாக ஷாக் அடிப்பது பலரும் அறிந்த அனுபவம். கம்ப்யூட்டரில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், அங்கே ஷாக் அடிக்காது. காரணம் எளியது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒவ்வொன்றிலும் மின்னிரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட்டின் உடல் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். அந்த நிலையில் பென்டிரைவ் செருகுவதும் எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டுவதும் போர்ட்டுகளுக்கு ஆபத்து. எர்த் இல்லாத இடத்தில் சர்ஜ் ப்ரொடக்டர் வாங்கி மாட்டுவதாலும் பெரிய பயனில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு லட்சம் செலவழிக்கும் வீட்டுக்காரர், அதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டு உரிமையாளரிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு உரிமையுள்ள விஷயம் இது.

இனி எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு இலவசம் போல வரும் பெட்டியின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் கீழே உள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் பயனுக்கு வருவது 192 வாட். மற்றதெல்லாம் தாளில் கூட்டிய கணக்கு. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் தரச்சான்று உள்ள 550 வாட் சப்ளை, ஒரு நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டோடு சேர்ந்த கம்ப்யூட்டருக்குப் போதும். ப்ரான்ஸ் என்றால் பாதிச் சுமையில் 85 விழுக்காடு திறன். சான்று திறனைத்தான் சொல்கிறது, பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைச் சொல்வதில்லை. அதற்கு உற்பத்தியாளர் தரும் வாரன்ட்டி ஆண்டுகளே ஓரளவு நல்ல அளவுகோல். ஐந்து ஆண்டுக்குக் குறைவானதை நான் தேர்வு செய்ய மாட்டேன். நல்ல சப்ளையால் இன்னொரு நன்மையும் உண்டு. ஏ.சி.கள் எல்லாம் ஒன்றாக ஓடும் மே மாத இரவுகளில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் தெருக்கோடி வீடுகளில் வோல்டேஜ் நன்றாகவே இறங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் ஆக்டிவ் பி.எஃப்.சி. சப்ளை அதைப் பொருட்படுத்தாது. ஸ்டெபிலைசருக்குக் கொடுக்கும் பணத்தையும் இதிலேயே போட்டுவிடலாம்.

யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் விஷயத்தில் குழப்பம் அதிகம். 2008-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. அதிலேயே கம்ப்யூட்டரை ஓட்டலாமா? சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால், பின்புறச் சுவிட்சை யு.பி.எஸ். மோடில் வைத்தால், பெரும்பாலும் ஓடும். மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளிதான் கேள்வி. முழுச் சுமையிலும் ஏறத்தாழ 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும்படி நல்ல சப்ளைகள் வடிவமைக்கப்படுகின்றன. யு.பி.எஸ். மோடில் மாறும் நேரம் அதற்குள் அடங்கும். சாதாரண மோடில் அடங்காது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பி.எஃப்.சி. சப்ளையை ஓட்டவே கூடாது. தனி யு.பி.எஸ். வாங்குவோர் 600 வி.ஏ. என்பதை 600 வாட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமாக அது 360 வாட்தான். கேமிங் நடுவே மின்சாரம் போனால் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து அணைந்துவிடுவதன் காரணம் இதுதான். உள்ளிருக்கும் சிறிய லெட் ஆசிட் பேட்டரி நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டு உழைத்தால் அதிகம். அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெப்பத்துக்கு வருவோம். 2003 மே இறுதியில் சென்னை 45 டிகிரியைத் தொட்டது. சாதாரண ஆண்டுகளிலும் மீனம்பாக்கத்தில் கோடையில் 40-ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் அனல் கக்கும். யூடியூபில் நாம் பார்க்கும் வெளிநாட்டுச் சோதனைகள் 21 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. கூலர் எவ்வளவு பெரிதானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. அறை 37 டிகிரி என்றால் அந்தச் சோதனையில் கண்ட எண்ணோடு 12, 15 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். வேகம் குறைவது மட்டும் இதன் விளைவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகிறது. மதர்போர்டும் சப்ளையும் மூன்றாம் நான்காம் ஆண்டில் பழுதாவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆகையால் ஏ.சி. இல்லாத அறைக்கு 65 வாட் ப்ராசஸர் என்பதை நான் ஏறக்குறைய விதியாகவே வைக்கிறேன். ரைசன் 7 7700எக்ஸ் 105 வாட், அதன் உடன்பிறப்பான 7700-க்கு 65 வாட். இரண்டுக்கும் வேகத்தில் உள்ள வித்தியாசம் சொற்பம், சூட்டில் உள்ள வித்தியாசம் பெரிது. பெட்டியோடு வரும் கூலருக்குப் பதில் ஒரு நல்ல சிங்கிள் டவர் ஏர் கூலர் போட்டால் போதும். வாட்டர் கூலிங்குக்கு ஆசைப்படுகிறவர்கள், பம்ப் என்பது இன்னொரு பழுதாகும் உறுப்பு என்பதையும் யோசிக்க வேண்டும்.

கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருக்கக் கூடாது. விளக்குகள் மினுங்க, முன்னாலும் பக்கவாட்டிலும் கண்ணாடி வைத்த பெட்டிகள்தான் இன்று கடைகளில் கண்ணைப் பறிக்கின்றன. காற்று நுழைய வழி இல்லாத பெட்டி நம் ஊருக்கு அடுப்பு. முன்பக்கம் முழுதும் வலை, கழற்றிக் கழுவக்கூடிய தூசி ஃபில்டர், முன்னே இரண்டு ஃபேன், பின்னே ஒன்று: இதுவே தேவை. ஜி.எஸ்.டி. சாலையோரமும், எந்நேரமும் எங்கோ வீடு கட்டிக்கொண்டிருக்கும் மாடம்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளும் தூசிக்குக் குறைவில்லாதவை. பின்புறம் கார்டு செருகும் துளைகளில் மூடித் தகடு இல்லாமல் விட்டால் பல்லி உள்ளே போகும். மதர்போர்டில் பல்லி ஷார்ட்டாகிச் செத்துக் கிடப்பது இங்குள்ள சர்வீஸ் கடைகளில் யாரையும் ஆச்சரியப்படுத்தாது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று ராம், கார்டு ஆகியவற்றின் தொடுமுனைகளை மங்கச் செய்கிறது. ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போடும் நம்மூர் வைத்தியம் வேலை செய்வது அதனால்தான்.

தண்ணீர் பற்றிச் சொல்லும்போது 2015 டிசம்பரை விட்டுவிட முடியாது. அந்த மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை வீடுகளில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்தில் குடியிருப்பவர் பாகம் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைக்க வேண்டும் என்றால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன். பெரிய ஏ.டி.எக்ஸ். கண்ணாடிப் பெட்டி பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மதர்போர்டும் சிறிய வலைப் பெட்டியும் என்றால் ஒருவரே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாம். முக்கியமான கோப்புகள் எம்.2 எஸ்.எஸ்.டி.யில் இருந்தால், அதற்கும் நேரமில்லாதபோது ஒரே ஸ்க்ரூவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மேல்மூடியில் காற்றழுத்தத்தைச் சமன் செய்யச் சிறு துளை உண்டு; மூழ்கினால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பதற்குக் காசே ஆகாது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசிய பின் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நீண்ட மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பும் முதல் சில நிமிடங்கள் வோல்டேஜ் நிலையாக இருக்காது. அப்போது ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் ஒதுக்கியபின் ப்ராசஸர். இன்டெலா, ஏ.எம்.டி.யா என்பதில் கட்சி கட்ட வேண்டியதில்லை, வேலைதான் தீர்மானிக்கும். கல்யாண வீடியோக்காரரின் நிலைமையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இதில்தான் தவறான ஆலோசனை அதிகம் கிடைக்கிறது. இப்போதைய சோனி, கேனன் கேமராக்கள் பல 10-பிட் 4:2:2 எச்.265 வடிவில் பதிவு செய்கின்றன. இதை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் வசதி, இன்டெலின் 12-ஆம் தலைமுறையிலும் அதன் பின்னும் வந்த ப்ராசஸர்களில், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் உண்டு. என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்பு அது இல்லை. ஆனால் கடைகளில் என்ன நடக்கிறது? கிராஃபிக்ஸ் கார்டுதான் தனியாகப் போடுகிறோமே என்று சில நூறு, ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த 12400எஃப் போன்ற எஃப் ரகத்தைக் கொடுக்கிறார்கள். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் டைம்லைன் திக்கித் திணறும். கார்டின் மேல் பழி விழும். இன்னும் விலை கூடிய கார்டுக்குப் பணம் போகும். எஃப் இல்லாத 12400 அந்தச் செலவைத் தவிர்த்திருக்கும்.

மற்றவர்களுக்கு ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டில் ஒரு வசதி உண்டு. 2022-இல் வந்த இந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தொடரும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. மதர்போர்டை மாற்றாமல் பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றலாம். கார்டே வேண்டாம் என்கிற மாணவருக்கு ரைசன் 5 8600ஜி, இன்னும் மலிவாக வேண்டுமென்றால் பழைய ஏ.எம்.4-இல் 5600ஜி. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலை ப்ராசஸர்கள் கூடுதல் வோல்டேஜால் நாளடைவில் சீர்கெடும் சிக்கல் 2024-இல் வெளிப்பட்டது. மைக்ரோகோடு திருத்தமும் இரண்டாண்டு கூடுதல் வாரன்ட்டியும் வந்தன. ஆனால் செகண்ட் ஹேண்டில் அவற்றை நான் தொட மாட்டேன். முந்தைய உரிமையாளர் பயாஸை எப்போது புதுப்பித்தார் என்று நமக்குத் தெரிய வழியில்லை.

கிராஃபிக்ஸ் கார்டு பற்றி ஒரு பத்தி போதும். செயற்கை நுண்ணறிவு படிப்பவர்களுக்கு வேகத்தைவிட நினைவகத்தின் அளவு முக்கியம், 12 ஜி.பி. உள்ள ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜி.பி. மட்டுமே உள்ள புதிய 5060 ஏற்க முடியாத சில மாடல்களை ஏற்கும். அலுவலகப் பெட்டியில் கூடுதலாகச் செருக, 70 வாட்டில் தனி பவர் கேபிள் இன்றி ஓடும் 6 ஜி.பி. ஆர்டிஎக்ஸ் 3050 இருக்கிறது. பெட்டி ஒல்லியானதென்றால் கார்டின் உயரத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டபின் சந்தைக்கு வந்த பழைய கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ராம்தான் இப்போதைய தலைவலி. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025-இன் கடைசி மாதங்களில் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைச் சந்தைக்கு விற்பதையே விட்டுவிடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கி ரிச்சி தெரு வரை விலை எகிறியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. உள்கட்டமைந்த கிராஃபிக்ஸை நம்பியிருப்பவருக்கு இரண்டு 8 ஜி.பி. அவசியம், ஒற்றைக் குச்சியில் அதன் வேகம் வெகுவாகக் குறையும். தனிக் கார்டு உள்ளவர் ஒரு 16 ஜி.பி.யோடு தொடங்கி, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு விலை இறங்கும்வரை காத்திருக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் ஜென்5 வேகமெல்லாம் வீட்டு வேலையில் உணர முடியாதது. அதற்குக் கொடுக்கும் பணத்தைக் கொள்ளளவில் போடுங்கள்.

டி.டி.பி. கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களையும் பேஜ்மேக்கர் காலத்து மென்பொருள்களையும் நம்பி அழைப்பிதழ் அடிப்பவர்கள், தங்கள் எழுத்துரு டாங்கிள் விண்டோஸ் 11-இல் வேலை செய்கிறதா என்று வேறு ஒரு கம்ப்யூட்டரில் சோதித்த பிறகே புதியது வாங்க வேண்டும்.

எங்கே வாங்குவது? தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் நடக்கும் தூரம். வேளச்சேரிக்காரருக்குப் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை. விலை அங்கே குறைவு, கடைக்குக் கடை ஒப்பிடலாம். ஆனாலும் சப்ளை, மதர்போர்டு இரண்டையும் அருகிலுள்ள கடையில் சற்றுக் கூடக் கொடுத்து வாங்குவதை நான் ஆதரிக்கிறேன். பழுதாகக்கூடியவை அவைதான், வாரன்ட்டிக்காக அலையும் வேலையைக் கடைக்காரரே ஏற்றுக்கொள்வதற்கு அந்தக் கூடுதல் விலை தகும். எங்கு வாங்கினாலும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யோடு, சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். "பில் இல்லாமல் எடுத்துக்கோங்க சார், குறைச்சுத் தரேன்" என்பதை ஏற்றால், ப்ராசஸருக்கு மூன்று ஆண்டு, நல்ல சப்ளைக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு என்று இருக்கும் வாரன்ட்டியை விட்டுக்கொடுக்கிறோம் என்று பொருள். இறக்குமதியான பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதி. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டிக்கு இந்தியாவில் வாரன்ட்டி கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பூட்டி முடித்ததும் கடையின் ஏ.சி. குளிரில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதைச் சோதனையாக ஏற்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஓ.சி.சி.டி. போன்ற மென்பொருளில் ப்ராசஸரையும் கார்டையும் சேர்த்து ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். இரவில் மெம்டெஸ்ட்86-ஐ ராமுக்கு ஓடவிடுங்கள். வெப்பநிலையும் வேகமும் எந்த எண்ணில் நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு, தானாக அணைந்தாலோ பிழை காட்டினாலோ அந்த வாரமே கடைக்குத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். இப்படிச் சோதித்துக் குறை இருந்தால் மாற்றித் தருவீர்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.